விடுவதற்காகப் பிடிக்கிறவன்

என் மகள் கட்டிக்கொள்ள நினைத்த ஆள் மீன் பிடிப்பான் என்று முதன்முதலில் கேள்விப்பட்டபோது எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. நான் யாழ்ப்பாணத்தில் ஒரு கடற்கரை ஊரில் பிறந்தவள். செவுளைத் தூக்கிப் பார்த்தே மீன் நேற்றையதா முந்தாநாளையதா என்று சொல்லிவிடுவேன். ஆக்லாந்துக்கு வந்த நாள் முதல் ஐஸ் பெட்டியில் கண் வெளுத்துக் கிடக்கும் மீன்களை வாங்கிச் சமைத்து நாக்கு மரத்துப்போயிருந்தது. மீன் பிடிக்கிற ஒருவன் வீட்டோடு வந்து சேர்ந்தால் எனக்கென்ன நட்டம் என்று நினைத்தேன். அதற்குப் பிறகுதான் மகள் மிச்சத்தைச் சொன்னாள். பிடிக்கிற மீனை அவன் திரும்பவும் தண்ணீரிலேயே விட்டுவிடுவானாம்.

“எல்லாத்தையுமோ?” என்று கேட்டேன்.

“எவ்ரி சிங்கிள் ஒன், அம்மா,” என்றாள். முகத்தில் அவ்வளவு பெருமை.

நான் வேலை செய்வது ஒரு முதியோர் இல்லத்துச் சமையலறையில். வெள்ளிக்கிழமை தோறும் ரொட்டித்தூள் பூசிய மீன் துண்டுகளைப் பெட்டி பெட்டியாகப் பிரித்துச் சூடாக்கிப் போடுவோம். உப்பில்லை, புளியில்லை, முள்ளும் இல்லை. ஒரு மீனை அதைவிடக் கேவலப்படுத்த முடியாது என்று நினைத்திருந்தேன். முடியும் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். பிடித்து, தடவிக்கொடுத்து, போய்வா என்று அனுப்பி வைக்கலாம்.

அவன் மலேசியத் தமிழன். பெற்றோர் பாட்டனி டவுன்ஸில் பெரிய வீடு வைத்திருக்கிறார்கள். படித்தது எஞ்சினியரிங், செய்வது கழிவுநீர்க் குழாய்களுக்குப் படம் வரைகிற வேலை. மவுண்ட் ரோஸ்கில்லில் உள்ள எங்கள் வீட்டுக்கு முதல் தடவை வந்தபோது வாசலில் சப்பாத்தைக் கழற்றிவிட்டு, “பசியாறிட்டீங்களா ஆன்ட்டி?” என்று கேட்டான். என் வீட்டுக்கு வந்து என்னையே சாப்பிட்டாயா என்று கேட்கிற மாப்பிள்ளையை நான் அதுவரை கண்டதில்லை. சிரிப்பை அடக்கிக்கொண்டு, “ஓம், சாப்பிட்டன்,” என்றேன்.

அவன் போன பிறகு மகள் குசினியில் அடுப்புக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். காது கேளாதவர்களுக்குக் கருவி பொருத்துகிற வேலை அவளுக்கு. அதனாலோ என்னவோ, முக்கியமான விஷயத்தை நிறுத்தி நிறுத்திச் சொல்லுவாள். நீங்கள் ஓம் என்று சொன்னால்தான் அவனைக் கட்டுவேன், சொல்லாவிட்டால் கட்டமாட்டேன், ஆனால் வேறு யாரையும் கொண்டுவந்து காட்டாதீர்கள் என்று பாதித் தமிழிலும் பாதி இங்கிலிஷிலும் சொன்னாள். அவள் சொன்னால் சொன்னதுதான். அந்தப் பிடிவாதம் எங்கிருந்து வந்தது என்று நான் வெளியே தேடிப் போக வேண்டியதில்லை. அவளுடைய அப்பா இறந்த பிறகு அந்த வீட்டில் இருந்தது நாங்கள் இரண்டு பேரும்தான். அவள் போனால் நானும் ஃபிரிட்ஜும் மிச்சம். அதை நான் அவளிடம் சொல்லவில்லை.

“அவசரப்படாதை பிள்ளை. ஒரு வருசம் ஆளைப் பாப்பம்,” என்றேன்.

அடுத்த வெள்ளிக்கிழமையே, நாளைக்குக் காலையில் லேக்குக்குப் போகிறோம் என்றாள்.

“ஆரெல்லாம்?”

“நானும் அவரும்.”

“அப்ப நானும் வாறன்.”

அவள் என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவில் இருக்கிறது. இருபத்தெட்டு வயதுப் பெண், சொந்தக் கார், சொந்தச் சம்பளம். அவளுக்குத் துணையாகத் தாய். ஆனால் கோயிலில் எனக்குப் பக்கத்தில் இருந்து தேவாரம் பாடுகிற பெண்களை அவளுக்குத் தெரியாது. நிச்சயதார்த்தம் முடிவதற்கு முன் விடியப்புறத்தில் ஒருத்தனோடு ஏரிக்கரையில் நின்றாள் என்ற கதை, நாங்கள் ஹார்பர் பாலம் கடந்து வீடு வந்து சேருவதற்குள் எல்லா வாட்ஸப்பிலும் ஏறியிருக்கும். ஆகவே மடக்குக் கதிரை ஒன்று, கம்பளிச் சால்வை ஒன்று, பிளாஸ்க்கில் தேநீர் என்று நான் தயாரானேன். இந்த நகரத்தில் மீன்பிடிக்குத் துணைபோன ஒரே தாய் நானாகத்தான் இருப்பேன்.

அது ஆனி மாதம். இந்த ஊரில் அப்போதுதான் குளிர் தொடங்கும். ஆனியும் ஆடியும் கொதிக்கிற மாதங்கள் என்று பிறந்த நாள் முதல் நம்பியிருந்த உடம்பு, இங்கே அந்த மாதங்களில் பல் கிட்டி நடுங்கியது. வடகரையில் உள்ள புபுக்கே ஏரிக்குப் போனோம். ஒரு காலத்தில் எரிமலை வாயாக இருந்த இடமாம். சுற்றிவர வசதியானவர்களின் வீடுகள், அவற்றின் பின்வளவுகள் எல்லாம் தண்ணீரில் போய் முடிகின்றன. பொதுசனம் நிற்பதற்கு அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பூங்காத் துண்டுகள். இதையா லேக் என்கிறார்கள் என்று நினைத்தேன். எங்கள் கடலில் ஒரு மூலைக்கு வராது.

அவன் நெஞ்சு வரைக்கும் ரப்பர் காற்சட்டை போட்டுக்கொண்டு தண்ணீரில் இறங்கினான். இறங்குவதற்கு முன் ஒரு சின்னக் குறட்டை எடுத்து, தூண்டில் முள்ளில் இருக்கிற எதிர்முள்ளை நசுக்கி மழுங்கடித்தான். மீன் தப்பாமல் இருக்கத்தானே அந்த எதிர்முள் வைத்தது? காசு கொடுத்து வாங்கி அதை உடைப்பானேன் என்று கேட்டேன்.

“கழட்டும்போது மீனுக்கு வலிக்காது ஆன்ட்டி,” என்றான்.

தூண்டிலில் புழுவும் இல்லை, இறாலும் இல்லை. இறகு சுற்றிய பொய்ப்பூச்சி. அவனே வீட்டில் இருந்து கட்டுவானாம். அருகில் வாங்கிப் பார்த்தேன். மயிலிறகு.

“முருகன்ரை மயிலிறகிலையோ மீனுக்குப் பொறி வைக்கிறீர்?”

“கடையில வாங்கினதுதான் ஆன்ட்டி,” என்றான். வெட்கப்பட்டதுபோல் தெரிந்தது. படட்டும் என்று விட்டுவிட்டேன்.

அவன் பிடிக்கிற ட்ரவுட் மீன் குளிர்காலத்தில்தான் கரைக்கு வருமாம். வெயில்காலம் முழுவதும் ஆழத்தில் கிடந்த மீன், முட்டை இடுகிற ஆசையில் கரையோரக் கற்களை நாடி வருமாம். ஆனால் இந்த ஏரிக்குள் வந்து விழுகிற ஆறு ஒன்றும் இல்லை. முட்டையிட இடமில்லாமல் கரையைச் சுற்றிச் சுற்றி அலையுமாம். கொஞ்சம் காற்றடித்துத் தண்ணீர் சுருங்கியிருந்தால் நல்லது, தூறல் இருந்தால் இன்னும் நல்லது, மேகமூட்டத்தில் கறுத்த பொய்ப்பூச்சி, வெளிச்சத்தில் வெளிர் நிறம், நூலை விரலில் எட்டுப் போடுகிற மாதிரிச் சுற்றி மெல்ல இழுக்க வேண்டும் என்று அவன் எனக்குப் பாடம் எடுத்தான். மழையில் நனைந்து, குளிரில் விறைத்து, எதிர்க்காற்றில் நிற்பதுதான் உத்தமமான நிலைமை என்று சொல்லுகிற பொழுதுபோக்கு இது ஒன்றாகத்தான் இருக்கும். பைத்தியக்காரனுக்கு வாக்கப்படப் பார்க்கிறாளே என்று மகளைப் பார்த்தேன். அவள் அவன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒரு மீன் பட்டது. கோல் வில்லாக வளைந்தது. என்னையும் அறியாமல் கதிரையை விட்டு எழுந்துவிட்டேன், அதை மறுப்பதற்கில்லை. வயிற்றோரம் ரோசாப்பூ நிறக் கோடு, நல்ல சதைப்பற்று. தலையை வெட்டிக் குழம்பு வைக்கலாம், நடுத்துண்டைப் பொரிக்கலாம் என்று மனதுக்குள் கூறு போட்டுவிட்டேன். அவனோ முதலில் கைகளைத் தண்ணீரில் நனைத்தான். உலர்ந்த கை பட்டால் அதன் மேல்வழுவழுப்புப் போய்விடுமாம். பிறகு முள்ளைக் கழற்றி, மீனைத் தண்ணீருக்குள்ளேயே இரண்டு கையிலும் ஏந்தி, முன்னும் பின்னும் ஆட்டினான். பிள்ளையைத் தொட்டிலில் போட்டு ஆட்டுகிறான் என்று நினைத்தேன். மூச்சு வரும்வரை அப்படிப் பிடிக்க வேண்டுமாம். மீன் வாலை ஒரு அடி அடித்துவிட்டுப் போயிற்று. அவன் நிமிர்ந்து சிரித்தான்.

“போச்சு,” என்றேன்.

“போச்சு ஆன்ட்டி,” என்றான், ஏதோ நல்ல சேதி சொல்லுகிறவன்போல.

அப்போதுதான் இன்னொரு செய்தியும் சொன்னான். இந்த நாட்டில் ட்ரவுட்டை யாரும் விற்கக்கூடாது, வாங்கவும் கூடாது. எந்தக் கடையிலும் இருக்காது. பிடித்தவன் கொடுத்தால்தான் மற்றவனுக்கு உண்டு. அப்படி என்ன பெரிய மீன் என்று கேட்டேன். கொடுக்கவும் மனமில்லாத இவன் கையில்தான் அது போய் மாட்டுகிறது என்பதைச் சொல்லவில்லை.

வெயில் கொஞ்சம் வந்தது. அவன் கரையேறி ஒரு சாண்ட்விச்சை எடுத்துப் பாதி தின்றான். மறுபாதியை என்னிடம் நீட்டினான். நான் கையை மடியில் வைத்துக்கொண்டேன். எச்சில் விஷயத்தில் நான் கறார். கல்யாணத்தன்று மாப்பிள்ளை சாப்பிட்ட மிச்சத்தைப் பெண் சாப்பிட வேண்டும் என்று பெரியவர்கள் சொன்னபோதுகூட வேறு தட்டுக் கேட்டவள் நான். பந்தலே முணுமுணுத்தது. அவர் மட்டும் சிரித்தார், பாவம். வாழ்நாளில் நான் மிச்சம் தின்றது ஒரே ஒரு ஆளின் தட்டில், அது என் மகளுடையது. சின்ன வயதில் அவள் பாதியில் எழும்பிவிட்டுப் போன இடியப்பமும் சம்பலும் எவ்வளவோ என் வயிற்றுக்குள் போயிருக்கிறது. மகளுக்கு இது தெரியும். அவள் அந்தப் பாதி சாண்ட்விச்சை வாங்கிக் கடித்துக்கொண்டு, “அம்மா டஸிண்ட் டூ தட்,” என்று அவனுக்கு விளக்கம் சொன்னாள்.

ஆடிப் பிறப்புக்கு அடுத்த கிழமை ஒடியல் கூழ் காய்ச்சினேன். காய்ந்த பனங்கிழங்கு மாவில் நண்டு, இறால், மீன்தலை எல்லாம் போட்ட கூழ். பெரிய பிளாஸ்க்கில் ஊற்றி ஏரிக்குக் கொண்டுபோனேன். குளிருக்கு இதைவிட மருந்து கிடையாது. அவனுக்கும் ஒரு கோப்பை ஊற்றி நீட்டினேன். நான் அவனுக்கு முதன்முதலாக நீட்டிய பொருள் அதுதான்.

“மன்னிச்சிருங்க ஆன்ட்டி. நான் சைவம்.”

“இண்டைக்கு விரதமோ?”

“இல்ல ஆன்ட்டி, எப்பவுமே. சின்ன வயசிலேர்ந்து மீன், கறி எதுவும் சாப்பிட்டதில்ல.”

நான் மகளைப் பார்த்தேன். அவள் ஏரியைப் பார்த்தாள். இத்தனை நாளாக மறைத்து வைத்திருந்திருக்கிறாள்.

“மீன் தின்னாத ஆளுக்கு மீன்பிடி என்னத்துக்குத் தம்பி?”

“கிட்டப் பாக்கறதுக்குத்தான் ஆன்ட்டி.”

“அப்ப மீன்தொட்டி விக்கிற கடைக்குப் போனாக் காணுமே. குளிருக்குள்ளை நிக்கத் தேவையில்லை.”

அவன் சிரித்தான். கோபமே வராத ஆண்களை எனக்குப் பிடிக்காது. என்னத்தை வைத்துக்கொண்டு அவர்களோடு சண்டை போடுவது? அன்று வீடு வந்ததும் மகளைப் பிடித்துக்கொண்டேன். எங்கள் பக்கத்தில் கல்யாணம் முடிந்து நாலாம் நாள் பெண்வீட்டில் மச்சம் சமைத்து மாப்பிள்ளைக்குப் போடுவோம். நாலாம் சடங்கு என்று பெயர். அதுவரை சைவச் சாப்பாடு, அன்றைக்குத்தான் மீனும் இறைச்சியும் அடுப்பேறும். என்னுடைய மாப்பிள்ளைக்கு அன்றைக்கு என்ன போடுவது, பருப்பா என்று கேட்டேன்.

“பருப்பு இஸ் ஃபைன், அம்மா,” என்றாள்.

வசந்தம் வந்தது. அதாவது புரட்டாசி. குஞ்சுமீன்கள் கரையோரப் புல்லுக்குள் வந்துவிடும், அவற்றைத் துரத்திக்கொண்டு ட்ரவுட் வரும், காலையிலும் மாலையிலும் தண்ணீர் மேலே கொப்பளிக்கும் இடத்தைப் பார்த்து எறிய வேண்டும் என்பது அந்தப் பருவத்துப் பாடம். எனக்குப் புரட்டாசிச் சனி விரதம். எள்ளெண்ணெய் எரித்து, காகத்துக்குச் சோறு வைத்த பிறகுதான் நான் சாப்பிட வேண்டும். இந்த ஊரில் காகம் கிடையாது. வழக்கமாக வீட்டு மதிலில் வைத்துவிடுவேன், எந்தக் குருவியாவது தின்னும். அந்தச் சனிக்கிழமை சோற்றை ஏரிக்குக் கொண்டுபோனேன். கறுத்த அன்னங்கள் நின்றன. நிறமாவது காகத்தின் நிறம்தானே என்று அவற்றுக்குப் பிடி பிடியாக எறிந்தேன்.

அன்னங்கள் சோற்றைச் சட்டை செய்யவில்லை. சோறு மெல்லத் தாழ்ந்து போயிற்று. உடனே சின்ன மீன்கள் நூறு நூறாக வந்து மொய்த்தன. பின்னாலேயே ஒரு பெரிய நிழல் வந்து கிழித்துக்கொண்டு போனது. இன்னொன்று வந்தது. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது.

“தம்பி, கெதியா எறியும். உங்கை, என்ரை காலடியிலை,” என்று கத்தினேன்.

அவன் நூலை முழுவதும் சுற்றிக்கொண்டு கரைக்கு வந்துவிட்டான். சோறு தீரட்டும் என்றான். சாப்பிட வந்த இடத்தில் பிடிப்பது சரியில்லையாம். போதாததற்கு அது சனீஸ்வரனுக்குப் போட்ட சோறாம்.

“இன்னைக்கு நீங்களும் சைவம்தானே ஆன்ட்டி,” என்று வேறு சொன்னான்.

மீனிடம் நியாயம் பார்க்கிற மனிதனை அன்றைக்குத்தான் கண்டேன். உலகத்தில் யார் யாரோ யார் யாருடைய சோற்றில் கைவைத்துக்கொண்டிருக்கிறார்கள், இவன் ஒரு குளத்து மீனுக்கு மரியாதை கொடுக்கிறான். இப்படிப்பட்டவன் நாளைக்கு ஒரு வீடு வாங்கப் போனால் விற்கிறவன் சொன்ன விலையைவிடக் கூடக் கொடுத்துவிட்டு வருவான் என்று மகளுக்குச் சொன்னேன். அவள் அவனுக்குத் தேநீர் ஊற்றப் போய்விட்டாள். அது எனக்குப் பிடிக்கவில்லை.

பிறகு வெயில்காலம். மார்கழி, தை. தண்ணீர் பச்சையாகி நாறியது. அவன் கோலைக் காரிலேயே வைத்துவிட்டு, கயிற்றில் கட்டிய தெர்மாமீட்டரை ஏரிக்குள் இறக்கினான். மீனுக்குக் காய்ச்சல் பார்க்கிறான் என்று சொல்லி நான் சிரித்த சிரிப்பில் பக்கத்தில் படுத்திருந்த ஒரு வெள்ளைக்காரி எழுந்து உட்கார்ந்தாள். மேல்தண்ணீர் சூடாகிவிட்டதாம். மீன் எல்லாம் ஆழத்துக்குப் போய்விடும், அடிமட்டத்துக்கும் போகமுடியாது, அங்கே மூச்சு விடக் காற்றுப் போதாது, ஆகவே நடுவில் ஒரு குளிர்ந்த அடுக்கில் ஒண்டிக்கொண்டிருக்கும் என்றான். கனத்த நூலைப் போட்டு ஆழத்தில் பிடிக்கலாம்தான். ஆனால் களைத்துப்போன மீனை இந்தச் சூட்டுத் தண்ணீரில் விட்டால் அது பிழைக்காது. அதனால் குளிர்கிற வரைக்கும் அவன் பிடிக்கமாட்டானாம்.

“அப்ப ஏன் வந்தனாங்கள்?” என்று கேட்டேன்.

“சும்மாதான் ஆன்ட்டி,” என்றான்.

சும்மா இருந்தோம். சனிக்கிழமைதோறும் மூன்று பேரும் பாலம் கடந்து போய், மரத்தடியில் சும்மா இருந்தோம். அவன் மாங்காய் வெட்டி உப்பும் தூளும் தூவித் தனித்தனிக் கிண்ணத்தில் வைத்தான். எனக்கான கிண்ணத்தை முதலில் எடுத்து வைத்துவிட்டுத்தான் மற்றதில் கைவைத்தான். அந்த சாண்ட்விச் விஷயத்தை மறக்கவில்லை என்று தெரிந்தது. நான் பாராட்டவில்லை.

ஒருநாள் அவர்கள் இரண்டு பேரும் கரையோரமாக நடந்து போனார்கள். நான் கதிரையில் இருந்தேன். வளைவு தாண்டியதும் கண்ணுக்குத் தெரியவில்லை. நேரம் போயிற்று. எனக்குப் பயம் வந்தது. தண்ணீரில் விழுந்துவிடுவார்கள் என்ற பயம் இல்லை. ஒருநாள் இப்படித்தான் போவார்கள், நான் இப்படித்தான் இருப்பேன், கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில் யாரும் இருக்கமாட்டார்கள் என்ற பயம். அது வந்ததும் கோபமும் வந்தது. திரும்பி வந்தவர்களிடம் தேநீர் ஆறிவிட்டது என்று சத்தம் போட்டேன். ஆறியதையே இரண்டு பேரும் வாங்கிக் குடித்தார்கள்.

சித்திரையில் இலை உதிரத் தொடங்கியது. மேல்தண்ணீர் குளிர்ந்து கீழே இறங்க, கீழே கிடந்தது மேலே வர, ஏரி முழுக்கத் தலைகீழாகப் புரண்டு கொஞ்ச நாள் கலங்கிக் கிடந்தது. தெளிந்த பிறகு மீன் கரைக்கு வரும் என்று தெர்மாமீட்டர்க்காரன் தீர்ப்புச் சொன்னான். அவன் சொன்னபடிதான் வந்தது. அதை இங்கே எழுதுவது உண்மைக்காக, அவனுக்காக இல்லை.

ஒரு சனிக்கிழமை காலை நல்ல தூறல். அவன் இடுப்பளவு தண்ணீரில் நின்றான். மகள் கரையில் வலையோடு நின்றாள். ஒரு மீன் பட்டது, பெரியது. கொஞ்ச நேரம் இழுபறிக்குப் பிறகு வலைக்குள் வந்தது. வழக்கம்போல் கையை நனைத்து, குனிந்து முள்ளைக் கழற்றப் போனவன் அப்படியே நின்றுவிட்டான். மீன் முள்ளை உள்ளே வரைக்கும் விழுங்கியிருந்தது. செவுளில் தைத்திருந்தது. அவனுடைய எதிர்முள் இல்லாத, வலிக்காத முள். அதைச் சுற்றித் தண்ணீர் சிவந்தது.

அவன் மீனை ஏந்தி முன்னும் பின்னும் ஆட்டினான். விட்டால் பக்கவாட்டில் சரிந்தது. திரும்பவும் ஏந்தினான், திரும்பவும் சரிந்தது. செவுளில் இரத்தம் வருகிற மீன் பிழைக்காது என்று முதல் நாள் பாடத்திலேயே எனக்குச் சொன்னவன் அவன். மகள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

இத்தனை மாதமாக நான் காத்திருந்த நேரம் அதுதான். சால்வையை எறிந்துவிட்டு எழுந்தேன். கொல்லத் தெரியாதவனுக்குத் தூண்டில் எதற்கு என்று கேட்பதற்கு வசனம் எல்லாம் வாயில் தயாராக இருந்தது.

“இஞ்சை தாரும் தம்பி. நான் பாக்கிறன்,” என்று கையை நீட்டினேன்.

“இல்ல ஆன்ட்டி,” என்றான். “நான் பிடிச்சது.”

பையின் அடியில் இருந்து ஒரு சின்ன மரத்தடியை எடுத்தான். மீனின் தலையில் அடிப்பதற்கென்றே விற்கிற தடி. எத்தனையோ வருஷம் சுமந்து திரிந்திருக்கிறான், கடை ஸ்டிக்கர்கூட இன்னும் உரிக்கப்படவில்லை. மீனைக் கல்லில் கிடத்தி, கண்ணுக்கு மேலே ஒரே அடி. சரியான அடி. எங்கள் ஊர்ச் சந்தையில் இருக்கிறவர்கள்கூடக் குறை சொல்லமாட்டார்கள். பிறகு தடியைக் கீழே வைத்துவிட்டுத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றான். நான் தயார் பண்ணி வைத்திருந்த வசனம் ஒன்றும் வெளியே வரவில்லை. எனக்கே அது எரிச்சலாக இருந்தது.

கொஞ்ச நேரத்தில் மீனைக் கழுவி, இரண்டு கையாலும் எடுத்துக்கொண்டு வந்து என் முன்னால் நீட்டினான். கடையில் வாங்க முடியாத மீன்.

“கொன்னாச்சு. வீணாக்கக்கூடாது. நீங்க சமைப்பீங்களா ஆன்ட்டி?”

“ஏன், எனக்குச் சமைக்கத் தெரியாதோ?” என்று வாங்கிக்கொண்டேன்.

“நானும் சாப்பிடுறேன்.”

“யூ டோன்ட் ஹாவ் டு,” என்றாள் மகள்.

“நான் கொன்னது,” என்றான். பாலம் கடந்து மவுண்ட் ரோஸ்கில் வரும்வரை மீன் என் மடியில் இருந்தது.

வீட்டில் மீனை வெட்டினேன். சதை பூசணிப்பழ நிறம். மீனுக்கு இது ஒரு நிறமா? குளத்து மீன் என்பதால் பழப்புளியைக் கொஞ்சம் கூடவே கரைத்தேன். வெந்தயம், சின்ன வெங்காயம், வறுத்த தூள், கடைசியில் கெட்டித் தேங்காய்ப்பால். கூடவே சோறும், மரக்கறியும் தேங்காய்ப்பாலும் மட்டும் போட்ட சோதியும். சோதிச் சட்டியை மீன் கரண்டி படாமல் தள்ளித்தான் வைத்திருந்தேன். ஏன் அப்படி வைத்தேன் என்று யாரும் கேட்கவில்லை.

அவன் கை கழுவிவிட்டு மேசையில் வந்து இருந்தான். தட்டில் சோறு போட்டு, நடுத்துண்டாகப் பார்த்து வைத்து, குழம்பு விட்டேன். முள்ளுக் குறைந்த துண்டு. மகள் எதிரே இருந்தாள், தன் தட்டைத் தொடவில்லை. அவன் ஒரு சின்னத் துண்டைப் பிய்த்து, சோற்றோடு பிசைந்து, வாயில் வைத்தான். மெல்லுகிறான், மெல்லுகிறான், இறங்கவில்லை. கண்ணில் தண்ணீர் நின்றது. கடைசியில் ஒருவழியாக விழுங்கினான். தண்ணீரைக் கேட்கவில்லை. இரண்டாவது துண்டைப் பிய்த்தான்.

இவன் வாயில் ஒருநாள் மீன் போக வேண்டும், அதை நான் பார்க்க வேண்டும் என்று நினைக்காத சனிக்கிழமை இல்லை. இப்போது கண்ணெதிரே நடக்கிறது. எனக்குப் பார்க்கச் சகிக்கவில்லை. மூன்றாவது வாய்க்குக் கை போனபோது தட்டைப் பறித்துவிட்டேன்.

“காணும் தம்பி, போதும். எழும்பிக் கையைக் கழுவும்.”

“பரவால்ல ஆன்ட்டி, நான் முடிச்சிடுறேன்.”

“காணும் எண்டு சொன்னனான்.”

அவன் எழுந்து போனான். குழாயடியில் நெடுநேரம் தண்ணீர் ஓடியது. நான் வேறு தட்டு எடுத்து, புதுச் சோறு போட்டு, சோதியை நிறைய ஊற்றி, அவன் இடத்தில் வைத்தேன். வந்து இருந்து சாப்பிட்டான், பசித்த ஆள் சாப்பிடுகிற மாதிரிச் சாப்பிட்டான். தலையை நிமிர்த்தவில்லை.

பறித்த தட்டு என் கையில் இருந்தது. அதை நேரே குப்பைக் கூடைக்குக் கொண்டுபோய் வழித்துப் போட வேண்டும். கூடையைக் காலால் திறந்தேன். அவன் விரல் பட்டுப் பிசைந்த சோறும், பிய்த்த பாதி மீனும் தட்டில் கிடந்தன. கூடையை மூடிவிட்டேன். மேசைக்கு வந்து என் கதிரையில் இருந்து, அதே தட்டில் கைவைத்துச் சாப்பிடத் தொடங்கினேன்.

அவன் கவனிக்கவில்லை. கவனித்திருந்தாலும் அவனுக்கு என்ன தெரியப்போகிறது? மகள்தான் பார்த்தாள். என் கையைப் பார்த்தாள், தட்டைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

“அம்மா,” என்றாள், முழுத் தமிழில். “அது அவரின்ரை தட்டு.”

“தெரியும். எனக்குக் கண் நல்லாத் தெரியும்,” என்றேன், ஒரு முள்ளை எடுத்துத் தட்டோரத்தில் வைத்துவிட்டு. “அழாமல் உன்ரை சோத்தைச் சாப்பிடு. உப்புத்தான் கொஞ்சம் காணாது.”